3-ஆ, 8-ஆ?

 

கொஞ்ச நாளாகப் பதிவு எதுவும் வரவில்லையே என்று இரண்டு மூன்று பேர் போன் செய்து விசாரித்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. போன மாதம் நடந்த ஒரு விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாதி கம்ப்யூட்டர் சமாசாரம், பாதி என் சொந்தக் கதை. சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் கேட்டேன். "எழுதுங்க சார், என் பேரும் கம்பெனி பேரும் மட்டும் வேணாம்" என்றாள். கொஞ்சம் நீளமாக இருக்கும். டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். பழைய மாணவி. வந்ததும் வராததுமாக, "சார், உங்களுக்குப் போன வருஷம் கண் ஆபரேஷன் பண்ண டாக்டர் நல்லவரா?" என்று கேட்டாள்.

"நல்லவர்தாம்மா. யாருக்கு, உங்க அம்மாவுக்கா?"

"எனக்கு சார்."

அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. என் வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2006-ல் பிளஸ் டூ முடித்தவள். நோக்கியா ஆலை ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய ஆண்டு அது. நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் நீல பஸ்ஸிலும் வெள்ளை பஸ்ஸிலும் ஷிப்டுக்குப் போக ஆரம்பித்த காலம். இவளும் போனாள். சின்னச் சின்ன பாகங்களைப் பார்த்துப் பொறுக்கிச் சரிபார்க்கிற வேலை. எட்டு வருஷம் கண்ணை நம்பியே சம்பாதித்தாள். 2014 நவம்பரில் அங்கே உற்பத்தி நின்றுபோனது. இவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. அஞ்சல் வழியில் பி.காம். முடித்து, ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற ஓர் ஆலையில் ஸ்டோர்ஸில் சேர்ந்தாள். இருப்புக் கணக்கு பார்க்கிற வேலை.

கொரோனா சமயத்தில் அந்தக் கணக்கு வேலையின் ஒரு பகுதியை வீட்டிலிருந்தே செய்ய அனுமதித்தார்கள். பகலில் ஆபீஸ். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீட்டு லேப்டாப்பிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போய், அன்றைய வரவு செலவைச் சரிபார்க்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப் என்று இதற்குப் பெயர். கம்ப்யூட்டர் ஒரகடத்திலேயே இருக்கும். அதன் திரை மட்டும் இவள் வீட்டுத் திரையில் தெரியும். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பதால், சாயங்காலம் வீட்டில் இருப்பது இவளுக்குச் சலுகை இல்லை, அவசியம்.

இப்போது சிக்கல் என்னவென்றால், புது லேப்டாப் கொடுத்த பிறகு இரண்டு மாதமாக இவள் சரிபார்க்கிற கணக்கில் தப்பு வருகிறது. 3-ஐ 8 என்று படித்துவிடுகிறாள். 5-ஐ 6 என்று படித்துவிடுகிறாள். பார்ட் நம்பரில் ஓர் எண் மாறினால் வேறு பாகம் ஆகிவிடும். ஒருமுறை இருக்கிற பாகம் இல்லை என்றும், இல்லாத பாகம் இருக்கிறது என்றும் போய், லைன் ஆட்கள் வந்து ஸ்டோர்ஸில் கத்தியிருக்கிறார்கள். மெமோ கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். வீட்டு வேலையை நிறுத்தி, சாயங்காலமும் ஆபீஸிலேயே இருக்கச் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

"மேலதிகாரி என்ன சொல்றார்?"

"ஆபீஸ்ல தெளிவாத்தானே தெரியுது, உனக்கு மட்டும் ஏன் தெரியல, கண்ண காட்டுங்கறார் சார். காட்டிட்டேன். புதுக் கண்ணாடியும் மாத்திட்டேன். அப்பவும் அப்படித்தான் இருக்கு."

எனக்கு அந்தப் பதில் இடித்தது. கண்புரை என்றால் என்ன என்று அனுபவித்தவன் நான். நிலாவும் மங்கும், தினத்தந்தியும் மங்கும், வீட்டம்மா முகமும் மங்கும். ஆபீஸில் தெளிவாகவும் வீட்டில் மங்கலாகவும் தெரிவதற்குக் கண்புரை என்ன இடம் பார்த்தா வரும்?

"லேப்டாப் கொண்டுவந்திருக்கியாம்மா?"

பையிலேயே இருந்தது. முதலில் ஆபீஸுக்குள் போகாமல், லேப்டாப்பிலேயே இருக்கிற நோட்பேடைத் திறக்கச் சொன்னேன். 3 8 5 6 என்று மாற்றி மாற்றி ஐந்து வரி அடித்தேன். எழுத்தை நன்றாகச் சிறியதாக்கினேன். தள்ளி உட்காரச் சொல்லி, வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரிப் படித்தாள். ஐந்து வரியிலும் ஒரு தப்பு இல்லை.

"உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. துப்பட்டாவால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை.

அதன் பிறகு ஆபீஸ் திரைக்குள் போகச் சொன்னேன். கம்பெனிக் கணக்கை நான் பார்ப்பது முறையில்லை. அதனால் அந்தப் பழைய ஸ்டோர்ஸ் மென்பொருளின் நுழைவுப் பக்கத்தோடு நிறுத்தச் சொன்னேன். அதில் பயனர் எண் மட்டும்தான் இருக்கும். பார்த்தேன். ஈரக் கையால் தொட்ட மை மாதிரி எழுத்தெல்லாம் ஊறிக் கிடந்தது. பரிசோதனைக்கூடத்துக்காக எப்போதோ வாங்கிய பூதக்கண்ணாடி ஒன்று அலமாரியில் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் சாம்பல் நிறத்தில் ஒரு கரை.

ஏன் அப்படி என்று கட்டம் போட்ட நோட்டை எடுத்து அவளுக்கு வரைந்து காட்டினேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

திரை என்பது புள்ளிகளின் கட்டம். அவள் ஆபீஸ் மானிட்டர் 18.5 அங்குலம். குறுக்கே 1366 புள்ளி, நெடுக்கே 768. புது லேப்டாப் 14 அங்குலம்தான்; ஆனால் 2880-க்கு 1800. திரையின் அங்குலக் கணக்கு மூலைவிட்டத்தில் சொல்வது. என்னிடம் பிதாகரஸ் தேற்றம் படித்தவர்கள் போட்டுப் பாருங்கள். ஆபீஸ் திரையில் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 85 புள்ளி. லேப்டாப்பில் சுமார் 243. கிட்டத்தட்ட மூன்று மடங்கு நெருக்கம்.

விண்டோஸில் ஆதியிலிருந்தே ஒரு அங்குலத்துக்கு 96 புள்ளி என்று ஒரு கணக்கு உண்டு. பழைய மென்பொருள்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அவற்றை 243 புள்ளித் திரையில் அப்படியே விட்டால், எழுத்து இருக்க வேண்டிய அளவில் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கி எறும்பு மாதிரி ஆகிவிடும். அதனால் 2007-ல் வந்த விஸ்டாவிலிருந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். திரையின் நெருக்கம் தனக்குத் தெரியும் என்று சொல்லாத மென்பொருளைப் பழைய அளவிலேயே வரையவிட்டு, அந்தப் படத்தை விண்டோஸே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். சின்னக் கையெழுத்தை ஜெராக்ஸில் பெரிதாக்குவது மாதிரி. எழுத்து பெரிதாகும், கூர்மை வராது.

இப்போது 3-ஐப் பாருங்கள். சின்ன அச்சில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் இடது பக்கம் இருக்கிற இரண்டு சின்ன வாய்தான். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு புள்ளி அகலம். இழுக்கும்போது பக்கத்துக் கறுப்பு அந்த வாய்க்குள் சாம்பலாக வழிகிறது. வாய் மூடிக்கொண்டால் 3 எட்டாகிவிடுகிறது. அவள் தப்பாகப் படிக்கவில்லை. திரையில் இருந்ததைத்தான் படித்திருக்கிறாள்.

ஓர் இடத்தில் கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்று வகுப்பில் சொல்வேனே, இங்கேயும் அதேதான். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று மங்கல் இருந்தது.

முதலாவது, ஆபீஸுக்குள் போவதற்கு அவள் சொடுக்குகிற அந்தக் குறும்படம். பழைய லேப்டாப் இருந்த காலத்தில் யாரோ 1366-க்கு 768 என்று அளவு வைத்து, திரைக்குத் தகுந்தபடி இழுத்துக்கொள் என்றும் சொல்லிச் சேமித்தது. புது லேப்டாப்புக்கும் அதையே நகல் எடுத்துப் போட்டுவிட்டார்கள். 1366-ஐ 2880-க்கு இழுத்தால் 2.108 மடங்கு. ஒரு புள்ளியை 2.108 புள்ளியாக எப்படி வைப்பது? அரைகுறையாகத்தான் பூச வேண்டும். அதை விட்டுவிட்டுப் புதிதாக, முழுத்திரை அளவில் இணைத்தோம். ஆபீஸ் கம்ப்யூட்டரின் கடிகாரமும் கீழ்ப்பட்டையும் பளிச்சென்று ஆகிவிட்டன. "அய்யோ சார்!" என்றாள்.

ஆனால் காலையில் ஆபீஸில் திறந்து வைத்துவிட்டு வந்த எக்செல் இன்னும் மங்கல். பழைய பதிப்பு அது. இதுதான் இரண்டாவது. அவள் சாயங்காலம் கிளம்பும்போது எதையும் மூடுவதில்லை. திரையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவாள். இங்கிருந்து போகும்போது அதே அமர்வு தொடரும். பழைய மென்பொருள் பல, திறக்கும் நேரத்திலோ நாம் கணக்கில் நுழையும் நேரத்திலோ ஒருமுறை திரையின் அளவைக் கேட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு திரை மாறினாலும் மறுபடி கேட்காது. ஆபீஸ் திரைக்கு வரைந்த படத்தையே வீட்டுக்கும் இழுத்து அனுப்பும். ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக அளந்து வரைகிற வழி 2013-ல் விண்டோஸ் 8.1-ல்தான் வந்தது, அதற்கேற்ப மென்பொருளும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆகவே முழுதாக சைன் அவுட் செய்து, வீட்டிலிருந்தே மறுபடி நுழையச் சொன்னேன். இணைப்பைத் துண்டிப்பது வேறு, சைன் அவுட் வேறு. இப்போது எக்செல் தெளிந்தது.

மூன்றாவது, அந்த ஸ்டோர்ஸ் மென்பொருளேதான். யார் எந்தக் காலத்தில் எழுதியதோ. எத்தனை முறை மூடித் திறந்தாலும் 96-ஐ விட்டு நகர மாட்டேன் என்றது. அதற்கும் வழி இருக்கிறது. 2017-ல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில், படத்தை இழுக்காமல் எழுத்தைப் பெரிய அளவில் மறுபடி எழுதிக் காட்டுகிற ஒரு தெரிவைச் சேர்த்தார்கள். எல்லா மென்பொருளுக்கும் பலிக்காது. பழைய முறையில் எழுத்து வரைகிறவற்றுக்குப் பெரும்பாலும் பலிக்கும். ஆனால் அதை மாற்ற வேண்டியது லேப்டாப்பில் இல்லை, ஒரகடத்தில் இருக்கிற கம்ப்யூட்டரில். அது கம்பெனிச் சொத்து. "நீயா தொடாதே, திங்கட்கிழமை காலைல ஐடி ஆளைக் கேட்டுப் பண்ணு" என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி என் கதை.

1990-களின் தொடக்கம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வருவதற்கு முந்தைய காலம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். உயரம், அதனால் கடைசி பெஞ்ச். வாயால் கேட்டால் கணக்கு நன்றாகச் சொல்வான். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் தப்பு. 3-ஐ 8 என்று எழுதுவான். கூட்டல் குறியை வகுத்தல் குறியாக எழுதுவான். நான் எழுதியதை எழுதாமல் வேறொரு கணக்கை எழுதி, அதற்குச் சரியாக விடையும் போட்டு வைப்பான். எனக்குக் கோபம் தலைக்கேறும். கவனம் எங்கேடா இருக்கிறது என்று முட்டி போட வைத்திருக்கிறேன். வெளியே வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். அந்த வகுப்பில் படித்தவர்கள் இதைப் படித்தால் உங்களுக்கு ஞாபகம் வரும். அவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றான். அப்புறம் பள்ளிக்கு வரவில்லை.

இருபது வருஷம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் ஒருவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, "சார், வணக்கம்" என்றான். காக்கிச் சட்டை, தடித்த கண்ணாடி. அவன்தான். ஓட்டுநர் வேலை. எப்படி இருக்கிறாய் என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னான். "லாரி லைசென்ஸ் எடுக்கப் போனேன் சார். டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டாங்க. அவர் செவுத்துல இருக்கறத படிடான்னாரு. அப்பதான் சார் தெரிஞ்சுது, எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே கண்ணு சரியாத் தெரியலன்னு."

அவன் குற்றம் சொல்லவில்லை. ஒரு வேடிக்கை மாதிரிதான் சொன்னான். நானும் சிரித்துவிட்டு, "சரிப்பா, நல்லா இரு" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டேன். அதை இத்தனை வருஷமும் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டம்மாவிடம்கூட.

இந்தப் பெண்ணின் மேலதிகாரி சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. "ஆபீஸ்ல தெளிவாத்தானே தெரியுது." அவர் பொய் சொல்லவில்லை. ஆபீஸ் திரையில் தெளிவாகத்தான் தெரியும். அவர் ஒருநாளும் இவள் வீட்டுத் திரையைப் பார்த்ததில்லை. முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த நான் ஒருநாளாவது கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து என் எழுத்தைப் பார்த்தேனா? கரும்பலகை பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. நோட்பேடில் நாலு எண் அடித்துக் காட்டி, படிம்மா என்று இன்று இவளுக்குச் செய்த சோதனைக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவனுக்கு அந்த ஐந்து நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் அவள் போன் செய்தாள். ஐடி பிரிவில் ஒரு சின்னப் பையன். அவனும் நம் பள்ளிதானாம், எனக்குத்தான் ஞாபகம் இல்லை. தாளைப் படித்துப் பார்த்து, தன் அதிகாரியிடம் சொல்லிவிட்டு மாற்றிக் கொடுத்திருக்கிறான். அன்று இராத்திரி நுழைவுப் பக்கத்தை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, அனுமதியோடு விளக்கக் கடிதத்தில் வைத்தாள். மேலதிகாரி இரண்டு படத்தையும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, வீட்டு வேலை தொடரட்டும், ஒரு மாதம் இன்னொருவரும் சேர்ந்து சரிபார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். மெமோவைத் திரும்பப் பெறவில்லை. கோப்பில் அது இருக்கும். அதில் அவளுக்கு வருத்தம்தான். ஆனால் இப்போது தப்பு வரவில்லை.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் வீட்டிலிருந்து வேலை செய்கிற பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கும் இப்படி வந்தால், அவளுக்கு எழுதிக் கொடுத்த தாள் இதுதான்:

1. முதலில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே நோட்பேடைத் திறந்து பாருங்கள். அதுவும் மங்கல் என்றால் திரை அமைப்பையோ கண்ணையோ கவனியுங்கள். அது தெளிவு என்றால் கண்ணைக் குறை சொல்லாதீர்கள்.

2. ரிமோட் டெஸ்க்டாப்பில் ஷோ ஆப்ஷன்ஸ் அழுத்தி, டிஸ்ப்ளே பகுதியில் அளவை ஃபுல் ஸ்கிரீன் வரை தள்ளுங்கள். எக்ஸ்பீரியன்ஸ் பகுதியில் ஃபான்ட் ஸ்மூத்திங் என்பதில் டிக் இருக்கட்டும். பழைய குறும்படத்தை நம்ப வேண்டாம்.

3. ஆபீஸிலிருந்து கிளம்பும்போது பூட்டிவிட்டு வராமல் சைன் அவுட் செய்யுங்கள். முடியாவிட்டால், மங்கலாகத் தெரிகிற மென்பொருளை மட்டுமாவது வீட்டிலிருந்து மூடித் திறங்கள்.

4. அப்போதும் ஒரே ஒரு மென்பொருள் மட்டும் மங்கல் என்றால், ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதன் குறும்படத்தில் வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். அதில் ஓவர்ரைடு என்பதை டிக் செய்து சிஸ்டம் என்ஹான்ஸ்டு தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். அப்ளிகேஷன் என்ற தெரிவும் உண்டு. அதில் கூர்மை வரும், ஆனால் எழுத்து மிகச் சிறியதாகிவிடலாம். ஆபீஸ் ஆட்களைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

5. எதுவும் பலிக்காவிட்டால், உங்கள் திரையின் அளவைச் சரிபாதியாக்கிப் பாருங்கள். 2880-க்கு 1800 என்றால் 1440-க்கு 900. ஒரு புள்ளிக்குச் சரியாக நான்கு புள்ளி உட்காரும், பின்னம் வராது.

பஸ் ஓட்டுகிற அந்த மாணவனின் நம்பரை அவன் வகுப்புத் தோழன் ஒருவனிடம் வாங்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை பேசினேன். நான் செய்தது தப்பு என்று சொன்னேன். "அட போங்க சார், அத இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்களா? நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "அன்னிக்கு வெயில் ஜாஸ்தி சார்" என்றான்.

அவனுடைய மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாளாம். கணக்கில் சந்தேகம் கேட்க அனுப்பட்டுமா என்று கேட்டான். சனி, ஞாயிறுகளில் வருகிறாள். முதல் நாளே அவளைச் சுவரோரம் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிற தினசரி காலண்டரைப் படிக்கச் சொன்னேன். அப்பாவின் கண்தான். கண்ணாடி வாங்க அடுத்த வாரம் போகிறார்கள்.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் பலர். நாளைக்கு வகுப்பு முடிந்ததும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, நீங்கள் எழுதியதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்